குரு ஏன் கை கட்டி நிற்கிறார்?

கேள்வி இது: “நான் எழுதும் ஃபேன்டசி தொடர்கதையில் நாயகியின் குருவுக்கு எல்லா வித்தையும் தெரியும். வில்லனை அவரே ஒழித்துவிடலாம். ஆனால் நாயகி தானாக வளரவேண்டும் என்று ஒதுங்கி நிற்கிறார். வாசகர்கள் ‘லாஜிக் இடிக்குது’ என்கிறார்கள். பெரிய கதைகளில் எல்லா குருமாரும் இதைத்தானே செய்கிறார்கள்? பேசாமல் கிழவரைக் கொன்றுவிடலாமா?”

முதலில், பெரிய கதைகளில் குருமார் இதைச் செய்வதில்லை. செய்கிற மாதிரி நமக்கு ஞாபகம் இருக்கிறது, அவ்வளவுதான். படித்து முடித்த பிறகு ரசிகர்கள் கூடி உட்கார்ந்து “அவன் வளரட்டும்னுதான் அவர் உதவல” என்று ஒரு விளக்கம் சொல்வோம், அது அழகாக இருக்கும், அப்புறம் அதுவே கதையில் இருந்ததாக மனதில் பதிந்துவிடும். மூலத்தை எடுத்துப் பார்த்தால் அங்கே வேறு காரணம் இருக்கும்: ஒரு தடை, ஒரு பயம், ஒரு சூழ்ச்சி, சில சமயம் சாதாரண முதுமை. வளர்ச்சி என்பது அதனால் விளைந்தது. நீங்கள் விளைவை எடுத்துக் காரணத்தின் இடத்தில் வைத்துவிட்டீர்கள். உங்கள் வாசகர்கள் போடும் கணக்கு ரொம்ப எளிமையானது: ஊர் எரிகிறது, ஆட்கள் சாகிறார்கள், அணைக்கத் தெரிந்தவர் மலைமேல் உட்கார்ந்து ஒரு பெண்ணுக்குத் தன்னம்பிக்கை வரட்டும் என்று காத்திருக்கிறார். செத்தவர்கள் என்ன அவளுக்கு டியூஷன் ஃபீஸா?

டோல்கீனின் லார்ட் ஆஃப் த ரிங்ஸில் வரும் மந்திரவாதி கேன்டால்ஃபை எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் கிழவருக்கு அவர்தான் தாத்தா என்று படித்தாலே தெரிகிறது. அழிக்கவேண்டிய அந்தத் தீய மோதிரத்தை அவர் ஏன் தானே எடுத்துக்கொண்டு போகவில்லை? நாயகன் ஃப்ரோடோ கையில் வைத்து நீட்டவே செய்கிறான். அவர் வேண்டாம் என்பது ஃப்ரோடோ வளரவேண்டும் என்பதற்காக இல்லை, தன்மேலேயே உள்ள பயத்தால். இரக்கத்தாலும் நல்லது செய்யும் ஆசையாலும்தான் அந்த மோதிரம் தன்னைப் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். அதற்கு மேல் ஒரு சட்டமும் இருக்கிறது. மூன்றாம் யுகம் 1000 வாக்கில் அவரைப் போன்ற மந்திரவாதிகள் கதை நடக்கும் நடுநிலத்துக்கு அனுப்பப்பட்டபோதே, வில்லன் சௌரானின் பலத்தை பலத்தால் எதிர்க்கக் கூடாது, மிரட்டியோ அடக்கியோ யாரையும் ஆளக் கூடாது என்ற கட்டளையோடு அனுப்பப்பட்டார்கள் என்று டோல்கீன் பின்னிணைப்பில் எழுதிவைத்திருக்கிறார். அந்தக் கட்டளையை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு சாருமான் என்ற இன்னொரு மந்திரவாதியையும் கதைக்குள்ளேயே நடமாட விட்டிருக்கிறார். ஆக, கை கட்டப்பட்டிருக்கிறது, கட்டை அவிழ்த்தவன் கதியும் கண்முன் நிற்கிறது. இதற்குப் பிறகும் வாசகன் கேள்வி கேட்டால் அது கழுகுகள் ஏன் மோதிரத்தைத் தூக்கிக்கொண்டு போகவில்லை என்பதைப் பற்றித்தான் இருக்கும், அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை.

அதே கேன்டால்ஃப் 1937-ல் வந்த ஹாபிட் கதையில் பாதி வழியில், கூட வந்த குள்ளர்களையும் நாயகன் பில்போவையும் விட்டுவிட்டுக் கிளம்பிப் போகிறார், அதுவும் மிர்க்வுட் காட்டின் வாசலில், இனிமேல்தான் அவர் தேவை என்கிற இடத்தில். போகும்போது தனக்கு வேறு அவசர வேலை இருப்பதாகச் சொல்கிறார். நிஜமாகவே இருக்கிறது, காட்டின் தெற்கே ஒளிந்திருக்கும் நெக்ரோமான்சர் என்ற தீய மந்திரவாதியை விரட்டப் போகிறார். அவர் போனது பில்போவுக்குப் பாடம் நடத்த இல்லை. ஆனால் பாடம் நடந்திருக்கிறது, எங்கே என்று பாருங்கள். முன்பு மூன்று ராட்சதர்களிடம் எல்லோரும் மாட்டிக்கொண்டபோது, கேன்டால்ஃப் மறைந்து நின்று அவர்கள் குரலிலேயே பேசி, ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளவைத்து விடியும்வரை இழுத்தடித்தார், சூரியன் வந்ததும் அவர்கள் கல்லானார்கள். பிறகு காட்டில் சிலந்திகள் குள்ளர்களைக் கட்டித் தொங்கவிட்டபோது பில்போ என்ன செய்தார்? கண்ணுக்குத் தெரியாமல் நின்றுகொண்டு, சிலந்திகளைக் கேலி செய்து பாட்டுப் பாடி, கோபமூட்டித் திசைதிருப்பினார். குரு செய்ததைத்தான் சிஷ்யர் தன் அளவுக்குச் சின்னதாக்கிச் செய்கிறார். டோல்கீன் இதை எங்கேயும் சுட்டிக்காட்டுவதில்லை. வளர்ச்சியைக் காட்ட விரும்பினால் இப்படிக் காட்டலாம், குருவின் வாயில் வசனமாக வைக்கத் தேவையே இல்லை.

நம் பக்கம் விசுவாமித்திரர். தசரதனிடம் வந்து பையனைக் கொடு என்கிறார், தசரதன் பதறுகிறான், இவனுக்குப் பதினாறு வயதுகூட முடியவில்லையே என்று வான்மீகத்தில் புலம்புகிறான். முனிவர் அரசராக இருந்தவர், போர் தெரிந்தவர், ஒரு சாபம் போட்டால் யாகத்தைக் கெடுக்கும் அரக்கர்கள் மாரீசனும் சுபாகுவும் சாம்பல். ஏன் போடவில்லை? யாகத்துக்கு விரதம் பூண்டவர் கோபப்படக் கூடாது, சபித்தால் விரதம் போச்சு. இதை முதல் நாளே சபையில் தசரதனிடமே சொல்லிவிடுகிறார். யாகம் தொடங்கியதும் ஆறு இரவு மௌனம் வேறு. குரு அங்கேயே இருக்கிறார், ஆனால் வாய் திறக்க முடியாது, பசங்கள் இரண்டு பேரும் தூங்காமல் காவல் நிற்கிறார்கள். இதைவிடச் சுத்தமாக ஒரு குருவை ஓரங்கட்ட முடியாது. கவனிக்கவேண்டிய இன்னொன்று, அதுவரை அவர் எதையும் பிடித்துவைத்துக்கொள்ளவில்லை. சரயு ஓரத்திலேயே பலை, அதிபலை மந்திரங்களைச் சொல்லிக்கொடுக்கிறார், பசி தாகம் களைப்பு தெரியாமல் இருக்க. தாடகை யார், எப்படி இப்படி ஆனாள் என்று முழுக்கதையும் சொல்கிறார். பெண்ணைக் கொல்வதா என்று ராமன் தயங்கும்போது கூடவே நின்று வாதாடுகிறார். தெய்வப் படைக்கலங்களை மட்டும் தாடகை விழுந்த பிறகுதான் கொடுக்கிறார், கம்பனிலும் அந்த வரிசைதான். ஒரு பொருளை எப்போது கொடுப்பது என்பதில் மட்டும் நிதானம், தகவலில் கஞ்சத்தனம் இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

துரோணர் விஷயம் கொஞ்சம் விசித்திரமானது, எனக்கு ரொம்பப் பிடித்தமானதும்கூட. நல்ல குரு என்று நான் சொல்லவரவில்லை. மற்ற மாணவர்களுக்குக் குறுகிய வாய்ப் பாத்திரமும் தன் மகன் அசுவத்தாமனுக்கு அகன்ற வாய்ப் பாத்திரமும் கொடுத்துத் தண்ணீர் மொள்ள அனுப்பி, மகன் சீக்கிரம் திரும்பிவரும் இடைவெளியில் அவனுக்கு மட்டும் கூடுதலாகச் சொல்லிக்கொடுத்த ஆள் அவர். ஏகலைவனின் கட்டைவிரல் பற்றிச் சொல்லவே வேண்டாம், அங்கே விரலைக் கேட்டது எந்த மாணவனும் வளர்வதற்காக இல்லை, அர்ஜுனனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற. ஆனால் ஆதி பர்வத்தில் இரண்டு சின்ன நிகழ்ச்சிகள் உண்டு. ஒன்று, சமையல்காரனைத் தனியாகக் கூப்பிட்டு, அர்ஜுனனுக்கு இருட்டில் சோறு போடாதே, நான் சொன்னேன் என்றும் சொல்லாதே என்கிறார். ஏன் என்று மூலத்தில் காரணம் இல்லை. ஒருநாள் காற்றில் விளக்கு அணைந்துபோகிறது, அர்ஜுனன் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறான், கை தானாக வாய்க்குப் போகிறது, அட, பழக்கத்துக்குக் கண் தேவையில்லையா என்று தோன்றி அன்றிலிருந்து ராத்திரியில் வில் பழக ஆரம்பிக்கிறான். நாணொலி கேட்டு துரோணர் எழுந்து வந்து கட்டிக்கொள்கிறார். அவர் அந்தக் குறிப்பைக் கிடைக்கவிடாமல் பார்த்துக்கொண்டாரா, இல்லை கிடைக்கிற நாளுக்காகக் காத்திருந்தாரா? இரண்டு விதமாகவும் படிக்கலாம், கதை நம்மிடம் விட்டுவிடுகிறது. உங்கள் கிழவர் ஒவ்வொரு அத்தியாயத்திலும் தன் நோக்கத்தை விளக்குகிறார், அது பெரிய இம்சை.

இரண்டாவது, முதலை. கங்கையில் குளிக்கும்போது துரோணரின் காலைப் பிடிக்கிறது. தன்னால் விடுவித்துக்கொள்ள முடியும் என்று தெரிந்தும், காப்பாற்றுங்கள் என்று மாணவர்களைப் பார்த்துக் கத்துகிறார். மற்றவர்கள் திகைத்து நிற்க, அர்ஜுனன் ஐந்து அம்பில் முதலையைத் தீர்க்கிறான், பிரம்மசிர அஸ்திரம் கிடைக்கிறது. இது அச்சு அசல் நீங்கள் எழுத நினைக்கும் குருதான்: முடியும், வேண்டுமென்றே செய்யவில்லை, மாணவனைச் சோதிக்க. ஆனாலும் யாரும் லாஜிக் கேட்பதில்லை. ஏனென்றால் முதலை வாயில் இருப்பது அவர் கால். சோதனைக்கான விலையை அவரே கட்டுகிறார். உங்கள் கதையில் கிழவர் சோதிக்கிறார், கால் போவது கிராமத்து மக்களுக்கு.

இதற்கு நேர் மாறாக மிஸ்டர் மியாகி. 1984-ல் வந்த கராத்தே கிட் படத்தின் இந்தக் குருவை, காரைத் துடை, வேலிக்கு வண்ணம் அடி, தரையைத் தேய் என்று வேலை வாங்கி, அதெல்லாம் கராத்தே அசைவுகள் என்பதைச் சொல்லாமல் மறைத்த குரு என்றுதான் எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். சரி. ஆனால் அதற்கு முன்னால் அவர் செய்ததை மறந்துவிடுகிறோம். ஹாலோவீன் ராத்திரியில் கராத்தே பயின்ற ஐந்து பேர் சேர்ந்து நாயகன் டேனியலை அடித்துத் துவைக்கும்போது, அடிபட்டுக் கற்றுக்கொள்ளட்டும் என்று அவர் வேலிக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்க்கவில்லை. எகிறிக் குதித்து ஐந்து பேரையும் படுக்கவைக்கிறார். பிறகு பையனைக் கூட்டிக்கொண்டு அவர்களுடைய கராத்தே பயிற்சிக்கூடத்துக்கே போய், போட்டி நடக்கும்வரை இவன்மேல் கை வைக்கக் கூடாது என்று பேசி முடித்துவிட்டு வருகிறார். அதன் பிறகுதான் காரைத் துடைக்கச் சொல்கிறார். ஆபத்தை நிறுத்திவைத்துவிட்டு, அந்த இடைவெளிக்குள் விளக்கத்தை மட்டும் நிறுத்திவைக்கிறார், அதுவும் டேனியல் கோபத்தில் கிளம்பிப் போகிற அந்த ராத்திரி வரைக்கும்தான். மறைத்ததால் பையனுக்கு என்ன நஷ்டம்? தோள்பட்டை வலி. அந்த அளவு மறைக்கலாம்.

இப்போது டம்பிள்டோர், ஹாரி பாட்டர் படிக்கும் மந்திரப் பள்ளியின் தலைமையாசிரியர். இவரைத்தான் நீங்கள் சாட்சிக்குக் கூப்பிடுவீர்கள் என்று தெரியும். முதல் புத்தக முடிவில் ஹாரியே, வில்லன் வோல்டமார்ட்டை எதிர்கொள்ள அவர் எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க நினைத்தார்போல என்கிறான், தடுத்திருக்கலாம், ஆனால் தேவையான அளவு மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டார் என்று. அதுதான் ரசிகர்களின் பிரமாணம். ஆனால் அது பதினொரு வயதுப் பையனின் ஊகம், அதற்குச் சற்று முன்புதான் தோழி ஹெர்மயனி, அப்படிச் செய்திருந்தால் அது கொடுமை, நீ செத்திருக்கலாம் என்கிறாள். டம்பிள்டோர் அந்தப் புத்தகத்தில் தன் வாயால் அதைச் சொல்வதே இல்லை. ஐந்தாம் புத்தகத்தில், 2003-ல் வந்தது, அவர் மனம் திறக்கும்போது, நான் நினைத்ததைவிடச் சீக்கிரமே நீ வோல்டமார்ட்டை நேருக்கு நேர் பார்க்கவேண்டி வந்துவிட்டது என்கிறார். அப்படியென்றால் அவர் அதை ஏற்பாடு செய்யவில்லை, அவருக்கே அது அதிர்ச்சி.

அந்த ஐந்தாம் புத்தகம் முழுக்க குருவின் மௌனத்தைப் பற்றிய விசாரணை என்றே சொல்லலாம். வருஷம் பூரா ஹாரியின் முகத்தையே பார்க்காமல் தவிர்க்கிறார், வோல்டமார்ட் ஹாரியின் கண்வழியாகத் தன்னைப் பார்த்துவிடுவானோ என்ற பயம். மனதை மூடும் வித்தையைத் தானே கற்றுத்தராமல் ஸ்னேப் என்ற ஆசிரியரிடம் தள்ளிவிடுகிறார். அது எதற்கு, எதிரி உனக்குப் பொய்க்கனவு அனுப்பலாம், எந்தப் பொருளுக்காக அனுப்புவான், இதையெல்லாம் உட்கார்த்திவைத்துத் தானே சொல்லவில்லை. பொய்க்கனவு வருகிறது. தன் ஞானத்தந்தை சிரியஸ் சித்திரவதைப்படுவதாக நம்பி ஹாரி நண்பர்களைக் கூட்டிக்கொண்டு ஓடுகிறான், அவனைக் காப்பாற்ற வந்த சிரியஸ் அங்கே சாகிறான். ஹாரி திரும்பிவந்து குருவின் அறையில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் போட்டு உடைக்கிறான். டம்பிள்டோர் தடுக்கவில்லை, இது என் தவறு என்கிறார். ஹாரியைப் பற்றிய தீர்க்கதரிசனத்தை ஏன் முன்பே சொல்லவில்லை? பதினொரு வயதில் சின்னப்பையன் என்று தோன்றியது, பன்னிரண்டில் இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று தோன்றியது, அப்புறம் பாசம் வந்துவிட்டது, உன் நிம்மதியைக் கெடுக்க மனம் வரவில்லை என்கிறார். வளர்ப்பதற்காக மறைக்கவில்லை, வளரவிடாமல் பாதுகாக்கத்தான் மறைத்தார். இந்தக் காட்சியைப் படித்த பிறகும் அவரை உங்கள் பக்கச் சாட்சியாக எப்படிக் கூப்பிடுவது? ஆறாம் புத்தகத்தில் அவரே பாதை மாறி, பழைய நினைவுகளை ஒவ்வொன்றாகக் காட்டி, ஆபத்தான குகைக்குக் கூடவே கூட்டிக்கொண்டு போகிறார், அங்கே குடிக்கவேண்டிய விஷத்தைத் தானே குடிக்கிறார். (கடைசிவரை ஒரு விஷயத்தை மறைத்தார் என்பது உண்மை, பையன் சாகவேண்டியிருக்கும் என்பதை. அதற்காக ஸ்னேப்பிடமே அவர் கடுமையாகத் திட்டு வாங்குகிறார்.)

நான் சொல்லவருவது இவ்வளவுதான்: குரு கையை நிறுத்திக்கொண்டால் வாசகன் பொறுத்துக்கொள்வான், வாயை மூடிக்கொண்டால் மாட்டான். குறிப்பாக, சிஷ்யனின் உயிரோ அவனுக்கு வேண்டியவர்களின் உயிரோ தொங்கும் தகவலை மறைத்தால். இதில் கதைத்தொழில் சார்ந்த ஒரு காரணமும் இருக்கிறது. குரு சொல்லாமல் விட்ட இடம் காலியாக இருக்காது, எதிரி வந்து அதில் உட்கார்ந்துகொள்வான். ஸ்டார் வார்ஸில் உன் அப்பாவை வில்லன் டார்த் வேடர் கொன்றுவிட்டான் என்று நாயகன் லூக்கிடம் குரு ஓபி-வான் சொல்லிவைத்தார், இன்னொரு குரு யோடாவும் திருத்தவில்லை, கடைசியில் நான்தான் உன் அப்பா என்ற உண்மையை லூக்குக்குச் சொன்னது, கையை வெட்டிவிட்டு எதிரே நின்ற வேடர். அந்தக் கணத்தில் குருமார் பொய்யர்கள், வில்லன் நேர்மையானவன். பிறகு வந்து, ஒருவகையில் பார்த்தால் நான் சொன்னதும் உண்மைதான் என்று ஓபி-வான் சமாளித்ததை நாற்பது வருஷமாக ரசிகர்கள் கிண்டல் செய்துகொண்டிருக்கிறார்கள்.

கண்ணன் இந்த விதிக்கு அடங்குவாரா? பாதி அடங்குவார். போருக்கு முன் இரண்டு பேர் வந்து நிற்க, ஒரு பக்கம் நாராயண சேனை, இன்னொரு பக்கம் ஆயுதம் எடுக்காத நான் என்று சொல்லிவிடுகிறார். நிபந்தனை முன்கூட்டியே பகிரங்கம், அர்ஜுனன் தெரிந்தே தேர்ந்தெடுக்கிறான். அதன் பிறகு கை மட்டும்தான் நிற்கிறது, வாய் நிற்பதே இல்லை, பதினெட்டு நாளும் ஆலோசனைதான். அந்தக் கையை நிறுத்துவதுகூட அவருக்குச் சுலபமாக இல்லை. மூன்றாம் நாளும் ஒன்பதாம் நாளும் அர்ஜுனன் பாட்டன்மேல் இரக்கப்பட்டு மெதுவாகச் சண்டை போடுவதைப் பார்த்துப் பொறுக்கமுடியாமல் தேரிலிருந்து குதித்து பீஷ்மரைக் கொல்ல ஓடுகிறார், அர்ஜுனன் காலைக் கட்டிக்கொண்டு இழுபட்டு, பத்தாவது அடியில்தான் நிறுத்துகிறான். உதவாமல் இருப்பது குருவுக்கு வலிக்கவேண்டும். உங்கள் கிழவர் புன்னகைக்கிறார், எட்டாவது அத்தியாயத்தில் மட்டும் நாலு தடவை.

ஆனால் கண்ணன் ஒரு விஷயத்தை மறைத்தார். கர்ணன் யார் என்பது அவருக்குத் தெரியும், கர்ணனிடமே போய்ச் சொன்னார், பாண்டவர்களிடம் சொல்லவில்லை. சொல்லாதே, தெரிந்தால் தருமன் ராஜ்யத்தை என்னிடம் கொடுத்துவிடுவான் என்று கேட்டுக்கொண்டது கர்ணன். இதை யாரும் அர்ஜுனன் வளரட்டும் என்பதற்காக என்று சொல்லமாட்டார்கள், போர் நடக்கவேண்டும் என்ற கணக்கு அது. போருக்குப் பிறகு நீர்க்கடன் கழிக்கும்போது குந்தி உண்மையைச் சொல்ல, தருமன் உடைந்துபோகிறான், இனிமேல் பெண்களிடம் ரகசியம் தங்காது என்று சபிக்கிறான், ஜெயித்த ராஜ்யமே கசந்துபோகிறது. வியாசர் மறைத்தவர்களுக்குச் சலுகை தரவில்லை. மறைத்ததற்கு ஒரு கணக்கு உண்டு, அதைத் தீர்க்கும் காட்சியும் உண்டு.

ஜாம்பவானைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அனுமனுக்குப் பலம் இருப்பதை முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று யாராவது கேட்பார்கள். கடற்கரையில் ஒவ்வொருவரும் தன்னால் எவ்வளவு தாண்டமுடியும் என்று சொல்கிறார்கள், பத்து யோசனை தூரம், இருபது, முப்பது என்று ஏறிக்கொண்டே போகிறது. ஜாம்பவான் தொண்ணூறு என்கிறார், வாலிப வயதில் திரிவிக்கிரமனையே சுற்றிவந்தவன்தான், இப்போது வயதாகிவிட்டது என்கிறார். அங்கதனுக்கு நூறு முடியும், திரும்பிவருவது சந்தேகம், தலைவன் போகக் கூடாது என்று தடுப்பதும் ஜாம்பவான்தான். எல்லா வழியும் அடைபட்ட பிறகு, ஓரமாகப் பேசாமல் உட்கார்ந்திருக்கும் அனுமனிடம் திரும்புகிறார். முடிந்திருந்தால் கிழவர் தானே தாண்டியிருப்பார் என்று நமக்குத் தெரியும், அதனால் அவர்மேல் சந்தேகமே வருவதில்லை.

உங்கள் கதைக்கு வருகிறேன். கிழவரைக் கொல்வது பழைய வழி, கேன்டால்ஃப், ஓபி-வான், டம்பிள்டோர் மூவரையும் அவரவர் ஆசிரியர்கள் அப்படித்தான் மேடையிலிருந்து இறக்கினார்கள். அது வேலை செய்யும், இனி வரும் அத்தியாயங்களுக்கு மட்டும். ஏற்கெனவே வெளியான அத்தியாயங்களில் அவர் சும்மா நின்றதற்குச் சாவு பதில் ஆகாது, இன்னும் மோசமாக, பதில் சொல்லவேண்டிய ஆளை நீங்களே தப்பிக்கவிட்டது போல் ஆகும். நான் எழுதினால் அவரை உயிரோடு வைத்து, நாயகியைவிட்டுக் கேட்கவைப்பேன்: ஊர் எரிந்த அன்றைக்கு நீ எங்கே இருந்தாய்? உன் நன்மைக்காகத்தான் என்று மட்டும் அவர் சொல்லக் கூடாது. அவருக்குப் பயம் இருந்திருக்கலாம், சத்தியம் இருந்திருக்கலாம், போன தடவை உதவப்போய் ஒரு பெரிய நாசம் நடந்திருக்கலாம். இரண்டாவது அத்தியாயத்தில் அவர் இடது கையை எப்போதும் சால்வைக்குள்ளேயே வைத்திருக்கிறார் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், அப்புறம் அதைத் தொடவே இல்லை. நான் அங்கிருந்து ஆரம்பிப்பேன்.